சிவப்புச் சீட்டு டெண்ட்

இந்த வருஷம் மாங்காய் சீசன் முடிவதற்குள் ஒரு ராத்திரியாவது வெட்டவெளியில் டெண்ட் போட்டுப் படுத்தே தீருவது என்று திருமலை தீர்மானம் செய்தார். போன வருஷமும் இதே தீர்மானம்தான். அதற்கு முந்தின வருஷமும் இதேதான். தீர்மானத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் டெண்ட்டில்.

திருமலை ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபத்தோரு வருஷ சர்வீஸ். ஓர் உருப்படி அவர் கைக்குப் போய்க் குறையில்லாமல் திரும்பிவந்ததாகச் சரித்திரம் கிடையாது. குறை தெரிந்ததும் ஒரு சிவப்புச் சீட்டை எடுப்பார். என்ன குறை, என்றைக்குக் கண்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கம்பியில் கோத்து உருப்படியில் கட்டிவிடுவார். கட்டியவர் அவிழ்த்தால்தான் உண்டு, மற்ற யாரும் அந்தச் சீட்டைத் தொடக்கூடாது. அது கம்பெனி சட்டம்.

வீட்டிலும் அதே சட்டம்தான். மச்சான் ஆசையாக வாங்கிக் கொடுத்த சுவர்க்கடிகாரம் வாரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்துகிறது என்று சீட்டு வாங்கியது. குடையும் வாங்கியது. குக்கரும் வாங்கியது. அவர் மனைவி சுகுணா ஆறு வருஷமாக அந்தக் குக்கரில்தான் சமைக்கிறாள், சீட்டு தொங்கத் தொங்க.

ஆனால் மனுஷனுடைய ஆசை மட்டும் அசல். கம்பெனியில் பிரஸ் மிஷின் நாளெல்லாம் தம், தம் என்று தகட்டைக் குத்தும். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் அது நிற்காது. இருபத்தோரு வருஷமாக நிற்கவில்லை. அந்தச் சத்தம் தொடர்ந்து வராத ஓர் இடத்தில், வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு ராத்திரி. அவ்வளவுதான் கேட்டார். கல்யாணமான புதிதில் சந்திரசூடேசுவரர் மலைப் படியில் உட்கார்ந்து சுகுணாவிடமும் சொன்னார். ஒருநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய், கூரையில்லாத இடத்தில் தூங்கவைக்கிறேன் என்றார். எப்போது என்று கேட்டாள். சீக்கிரம் என்றார். இப்போது அவர்கள் மகள் சௌமியா பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

முதல் டெண்ட் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழித்து. மொட்டைமாடியில் அதை நிறுத்தி, குழாயைப் போட்டு இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்தார். பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக உள்ளே போய்த் தவழ்ந்தார். ஒரு மூலைத் தையலில் ஒரு சொட்டு. அதுவும் உடனே வரவில்லை, காத்திருந்து பிடித்தார். ஆனந்தமாகச் சீட்டைக் கட்டித் திருப்பியனுப்பப் போனால், திருப்பும் கெடு பத்து நாள், அவருக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. டெண்ட் பரணுக்குப் போயிற்று. பின்னாலேயே இரண்டு மடக்கு நாற்காலிகளும் போயின, ஒன்றில் ஒரு கால் நான்கு மில்லிமீட்டர் குட்டை என்பதற்காக. அதற்குப் பிறகு அவர் சுதாரித்துக்கொண்டார். அடுத்த மூன்று டெண்ட்டுகளை ஒன்பதாம் நாளே தள்ளிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கூரியர் ஆள் வந்து எடுத்துப்போகும்வரை வீட்டைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது சுகுணா.

தள்ளிய ஒவ்வொன்றுக்கும் அந்த ஷாப்பிங் ஆப்பில் ரிவ்யூ எழுதினார். ஒரு ஸ்டார், ஒரு பக்கம். கீழே 'ஓசூர் திருமலை' என்று பெயர். அவர் ரிவ்யூவைப் படித்துவிட்டு டெண்ட் வாங்குகிற ஆசையையே விட்டவர்கள் இருந்தார்கள். நன்றி சொல்லியும் எழுதினார்கள்.

ஏப்ரல் மாதம் அந்த முதல் டெண்ட்டுக்கு யாரோ ஐந்து ஸ்டார் போட்டிருந்தார்கள். பெயர் 'ஏரிக்கரை'. ரிவ்யூ இவ்வளவுதான்: 'நாலு ராத்திரி படுத்தேன். ரெண்டு ராத்திரி மழை. நல்லா தூக்கம் வந்தது.'

திருமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் தள்ளிய பொருளுக்கு ஐந்தா? முறைப்படி தண்ணீர்ச் சோதனை செய்தீர்களா என்று கீழே கேள்வி போட்டார்.

'மழை செஞ்சது' என்று பதில் வந்தது.

மூலைத் தையலில் ஒழுகவில்லையா என்றார்.

'ஒழுகிச்சு. சொம்பு வெச்சேன்.'

திருமலை கேன்டீனில் உட்கார்ந்து தன்னையறியாமல் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து டீ இடைவேளை ஏரிக்கரைக்கு என்று ஆயிற்று. முதலில் துணி, தையல், ஆணி என்றுதான் கேட்டார். பிறகு கேள்விகள் மெல்ல வேறு பக்கம் போயின. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டார். நட்சத்திரம் தெரியுமா என்று கேட்டார். ஒருநாள், விடியற்காலையில் அங்கே என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டுவிட்டார். பதில் வர இரண்டு நாளாயிற்று.

'முதல்ல தவளை அடங்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் போறேன்.'

அதை நான்கு தடவை படித்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இருபத்தோரு வருஷமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை, முகம் தெரியாத யாரோ அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஏக்கமாக இருந்தது. தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டார்.

'பக்கத்து வீட்டு சிநேகிதி வருவா. கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன ஆள் ஒருத்தர் இருக்கார். வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கார். அவர் இன்னும் சோதனை முடிக்கல.'

திருமலைக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்படியும் ஒரு ஜடம் உண்டா என்று நினைத்தார். கட்டைவிரல் வலிக்கத் தட்டினார்: 'அம்மா, இப்படிப்பட்ட ஆளை நம்பிக் காலத்தை வீணாக்காதீர்கள். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள். ஓர் அண்ணனாக நினைத்துக்கொள்ளுங்கள்.' ஒரே வாரத்தில் முப்பத்தேழு பேர் அதற்குக் கீழே 'பயனுள்ளது' என்று அழுத்தியிருந்தார்கள். பெருமை தாங்காமல் வீட்டில் சுகுணாவுக்கும் படித்துக் காட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நல்லா சொல்லியிருக்கீங்க என்று பாராட்டினாள்.

மில்லிமீட்டருக்குக் கணக்குச் சொல்கிற மனுஷர் வீட்டில் ஒன்றைக் கவனிக்கத் தவறினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு நைட் ஷிஃப்ட் வரும். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். அந்த வாரங்களில் மட்டும் அடிக்கடி உப்புமா. அதில் உப்பு பத்தவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். ஏன் உப்புமா என்பதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அவருக்கு லீவு. முந்தின நாள்தான் ஐந்தாவது டெண்ட்டுக்கு, மூன்று பேர் படுக்கிற பெரிய டெண்ட்டுக்கு, ஜிப்பில் இரண்டு பல் சரியில்லை என்று சீட்டுக் கட்டிக் கூரியருக்குச் சொல்லியிருந்தார். காபியோடு போனைத் திறந்தால், ஏரிக்கரை முதல்தடவையாக ஒரு படம் போட்டிருந்தது. விடிகிற வெளிச்சத்தில் ஏரி. பக்கத்தில் மாந்தோப்பு. நடுவில் டெண்ட், அதன் முன்னால் இரண்டு மடக்கு நாற்காலிகள். திருமலை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டெண்ட் மூலையில் சிவப்பாக ஏதோ இருந்தது. விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

'மூலைத் தையலில் ஒழுகல்.' தேதி. கீழே அவருடைய கையெழுத்து.

நாற்காலிக் காலிலும் ஒன்று தொங்கியது.

ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினார். இரண்டு அண்டாவும் ஒரு பழைய சூட்கேசும்தான் இருந்தன. கீழே சுகுணா சம்படத்தில் புளிசாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"பரண்ல என்னா தேடறீங்க?"

"டெண்ட் எங்க?"

"ஸ்கூட்டர்ல கட்டியாச்சு."

இறங்கிவந்து ஸ்டூல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் மறைக்கவேயில்லை, புளிசாதத்தை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குல்ஷனின் வீட்டுக்காரர் கௌஸ் பாஷா உத்தனப்பள்ளிப் பக்கம் ஏரியோரமாக ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். சீசன் முடியும்வரை கொட்டகையில் தங்கிக் காவல் காக்கிறார். குல்ஷன் சோறு கொண்டுபோவாள். ஒருநாள் துணைக்குப் போனபோது அந்த ஏரியைப் பார்த்ததும் பரணில் கிடந்த டெண்ட் ஞாபகம் வந்ததாம்.

"எப்பப்ப போனே?"

"உங்க நைட் ஷிஃப்ட் வாரத்துல. விடிஞ்சதும் கெளம்பி ஏழு மணிக்கு வந்துடுவோம். இட்லி ஊத்த நேரம் பத்தாது."

திருமலை உப்புமாக்களை மனதுக்குள் எண்ணினார். ஒன்பது வந்தது.

"ஒன்பது ராத்திரி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சுகுணா."

"சொல்லாம என்னா? நீங்க கேட்டதுக்கெல்லாம் ஒண்ணுவிடாம பதில் சொன்னேனே."

அவருக்குக் காது சூடாயிற்று. தவளை, காற்று, நட்சத்திரம் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கடைசியில் அந்தச் சீட்டையாவது அவிழ்த்துப் போட்டிருக்கக்கூடாதா என்றுதான் கேட்க முடிந்தது.

"நீங்க கட்டினதை நான் எப்பிடி அவுக்கறது? சட்டம் இருக்குதில்ல."

"நானும் வரேன்" என்றார் திருமலை. குரல் அவருக்கே சின்னப்பிள்ளை குரலாகக் கேட்டது.

சுகுணா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நிதானமாகப் படித்தாள். "இப்படிப்பட்ட ஆளை நம்பிக் காலத்தை வீணாக்காதீர்கள். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள்." போனை வைத்தாள். "முப்பத்தேழு பேருக்குப் பயனா இருந்துச்சாம்."

கீழே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அக்கா நேரமாச்சு, அண்ணாவும் வராரா என்று குல்ஷன் கேட்பது மாடிவரை வந்தது. சுகுணா பையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். மலைப் படியில் உட்கார்ந்து எப்போது என்று கேட்டாளே, அதே பார்வை.

"இன்னிக்குத்தான் கடைசி ராத்திரி. நாளைக்குத் தோப்பைத் திருப்பி விட்டுடறாங்க. இனிமே அடுத்த வருஷந்தான்" என்றாள். "அந்தப் பழசுல ரெண்டு பேருக்குத்தான் எடம். ஹால்ல இருக்கற பெருசை எடுத்துக்கோங்க. சீட்டை அவுத்துப் போட்டுட்டு, பைக்ல பின்னாடியே வாங்க. எனக்கும் நீங்க வந்தாத் தேவலை."

அவர் ஹாலுக்கு ஓடினார். டெண்ட்டுக்கு முன்னால் மண்டிபோட்டார். சீட்டின் கம்பியைப் பிடித்து ஒரு முறுக்கு அவிழ்த்தார். இரண்டாவது முறுக்கும் அவிழ்ந்தது. ஏரி கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போது பார்வை ஜிப்பின்மேல் விழுந்தது.

"சுகுணா, ரெண்டே நிமிஷம். இதை மட்டும் ஒரு பத்துத் தடவை இழுத்துப் பாத்துடறேன்."

இழுத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இழுத்தார். எட்டுவரை ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதில் மாட்டியது.

"பாத்தியா, நான் சொல்லல? ஒன்பதாவதுல மாட்டுது."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

பகலெல்லாம் கூரியருக்குக் காத்திருந்தார். வீட்டில் ஆள் இருக்கவேண்டுமே. மாலை ஆறு மணிக்குக் கூரியர் ஆள் போன் செய்து, நாளெ பர்த்தீனி சார் என்று கன்னடத்தில் நாளைக்கு ஒத்திவைத்தான். திருமலைக்கு உயிர் வந்தது. சுகுணாவைக் கூப்பிட்டு, டெண்ட் இல்லாமலேயே வந்துவிடட்டுமா, தரையில் படுத்துக்கொள்கிறேன் என்றார். வாங்களேன் என்றாள் அவள், உண்மையாகவே. பிறகு கூரியர் என்ன ஆச்சு என்று கேட்டாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வருகிறானாம், நேரம் சொல்ல முடியாதாம் என்றார்.

"அப்ப வீட்ல யாரு இருக்கறது? பத்து நாள் கெடு நாளையோட முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. மூணு வாட்டி நான் உக்காந்தேங்க" என்றாள் சுகுணா.

போனில் அவள் குரலுக்குப் பின்னால் தவளைகள் கத்துவது கேட்டது. அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.

மொட்டைமாடிக்குப் போனார். உட்கார நாற்காலிகூட இல்லை, அவையும் ஏரிக்குப் போயிருந்தன. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உத்தனப்பள்ளித் திசையைப் பார்த்தார். காதுக்குள் பிரஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஆப்பைத் திறந்தார். புதிதாக ஒன்றுமில்லை. அவருடைய அறிவுரை மட்டும் பளிச்சென்று நின்றது.

காலையில் முப்பத்தேழு பேருக்குப் பயன்பட்டிருந்தது, இப்போது முப்பத்தொன்பது பேருக்கு.