சிவப்புக் காரும் ரோஸ் கார்டும்

ஒருவனுடைய மாத வருமானம் எவ்வளவு என்பது, கேட்கிற ஆளைப் பொறுத்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டால் ஒரு தொகை, மச்சினன் கைமாற்றுக்கு வந்து நின்றால் வேறொரு தொகை. நானும் அப்படியே சொல்லிப் பிழைத்தவன்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் என்ன செய்வது என்று மட்டும் முப்பத்திரண்டு வயது வரை யோசித்ததில்லை.

எல்லை தாண்டி மலையாள மாநிலத்துக்குள் இருக்கும் நல்லேப்பிள்ளியில் நான் கல்யாண போட்டோகிராபர். அந்த வருடம் ஆவணியில் மட்டும் பதினான்கு கல்யாணம். அந்த ஒரு மாத வரவைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன். (ஆடி என்று ஒரு மாதம் இருப்பதும், அதில் நான் ஆதார் போட்டோ எடுத்துக் காலம் தள்ளுவதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.) வந்த விடையைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

அந்த நிமிர்ந்த முதுகோடு கோயம்புத்தூருக்கு ஒரு ஜோடியைப் படம் பிடிக்கப் போன இடத்தில்தான் அந்தக் காரைப் பார்த்தேன். பழைய வெளிநாட்டுக் கார்கள் விற்கும் இடம். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, நல்ல சிவப்பு. உள்ளே உட்கார்ந்தால் பந்தியில் சம்மணம் போட்ட மாதிரி தரையோடு தரையாக இருக்கும். அந்த விலைக்கு எங்கள் வீட்டை இன்னொரு முறை கட்டி, கிரகப்பிரவேசமும் நடத்தலாம். காரில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து, ‘விரைவில் நம் வீட்டுக்கு’ என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

என் மனைவி சுகன்யா வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் தையல் வேலை செய்கிறவள். எதையும் அளந்துதான் வெட்டுவாள். என் புக்கிங் டைரியை வாங்கி, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்தையும் எழுதினாள். நாலாம் நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, தவணையும் இன்சூரன்ஸும் போனா பெட்ரோலுக்குக் காசு இருக்காதுங்க. வாங்கி நிறுத்தி வெச்சு, தெனமும் தொடச்சுட்டு இருக்கலாம்.”

கல்யாண ஜோடிகளின் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடலாமே என்றேன். நம் பக்கம் ஜோடி மட்டுமா வரும், கூடவே அத்தையும் சித்தியும் ஏறினால் எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டாள். கோபப்பட்டுக் கை கழுவப் போனேன். மறுநாளே ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடனுக்கு விண்ணப்பித்து, மாத வருமானம் என்ற கட்டத்தில் ஆவணி மாத வரவை எழுதினேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே வீடு தயாராகிவிட்டது. நண்பனிடம் இரவல் வாங்கிய மூன்று கேமராக்கள், ஒரு ட்ரோன், எல்லாம் ஹாலில் வரிசையாக. அம்மாவைப் பட்டுச் சேலை கட்டச் சொன்னேன். யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார். பேங்க் மாதிரி ஓர் இடத்திலிருந்து வருகிறார்கள், எது கேட்டாலும் சிரித்தால் போதும் என்றேன்.

பத்தரைக்கு ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். கையில் பைல். வெரிஃபிகேஷனுக்கு வந்ததாகச் சொன்னார். முன்கூட்டியே வந்துவிட்டாரே என்று உள்ளே பதைப்பு, வெளியே சிரிப்பு. உட்கார வைத்து, மோர் கொடுத்து, அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தேன். மாதம் பதினான்கு கல்யாணம் குறையாது. கேமராக்கள் எல்லாம் சொந்தம். மாடியில் ஒரு ஸ்டூடியோ கட்டப் போகிறேன். அவர் மலையாளத்தில் நிதானமாகக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

“வண்டி உண்டோ?”

ஸ்கூட்டர் என்று சொல்ல நாக்கு கூசியது. “காரு அடுத்த வாரம் வந்துருமுங்க. ஸ்போர்ட்ஸ் காரு.”

எழுதுவதை நிறுத்தி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கார்டைக் கேட்டார். பான் கார்டை நீட்டினேன். அது இல்லை என்றார். ஆதாரை நீட்டினேன். அதுவும் இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்.

“ரேஷன் கார்டு.”

அடுப்படி வாசலில் நின்ற சுகன்யாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு என்னைவிட நாலு நொடி முன்பே புரிந்திருந்தது.

எங்கள் வீட்டு ரேஷன் கார்டு ரோஸ் நிறம். ஏழைக் குடும்பத்துக்கான கார்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கால் முறிந்து படுத்த வருடம் அம்மா பெயரில் கிடைத்தது. அப்பா போய்ச் சேர்ந்து, நான் சம்பாதிக்கத் தொடங்கி, வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகும் நிறம் மாறவில்லை. மாற்றிவிடு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அடுத்த மாதம் என்பேன். வந்திருந்தவர் கடன் கொடுக்கிறவர் அல்ல, ரேஷன் கார்டுகளைச் சரிபார்க்கும் சித்தூர் சப்ளை ஆபீஸ்காரர். தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் சிவப்புக் காரில் சாய்ந்து நான் நின்றுகொண்டிருந்தேன். என் ஸ்டேட்டஸைப் பார்த்த ஏதோ ஒரு நல்ல உள்ளம் ஆபீஸுக்கு அனுப்பி வைத்திருக்கிறது.

சார், கேமரா எல்லாம் இரவல் என்றேன். பதினான்கு கல்யாணம் ஒரே ஒரு மாதத்தில்தான், ஆடியில் பட்டினி என்றேன். (பட்டுச் சேலையில் அம்மா சிரித்தபடி நின்றார். சிரிக்கச் சொன்னது நான்தானே.) அவர் நான் முதலில் சொன்னதை அடிக்கவும் இல்லை, புதிதாக எழுதவும் இல்லை. பேனாவை மூடிக் கையில் வைத்திருந்தார்.

அப்போது கேட்டில் ஒரு கார் ஹாரன். டை கட்டிய ஒருவர் இறங்கினார். மணி சரியாகப் பதினொன்று.

கேட்டுக்கும் ஹாலுக்கும் பத்தடி. கேட்டில் நான் பணக்காரன், ஹாலில் ஏழை. ஓடிப்போய், உள்ளே விருந்தாளி, நாளை வாருங்கள் என்று டைக்காரரிடம் கெஞ்சினேன். ஐந்து நிமிட வேலைதான் என்று அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டார். கேமராக்களைப் பார்த்து, எல்லாம் உங்களுடையதா என்று என்னிடம் கேட்டார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் ஒருவர் எழுதிக்கொள்வார்; இல்லை என்றால் மற்றவர் எழுதிக்கொள்வார். நான் குனிந்து ஒரு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் வந்து சப்ளை ஆபீஸ்காரரிடம் சொன்னார்.

“சார், இவன் மொதல்ல சொன்னதும் பொய்யிங்க, அப்புறம் சொன்னதும் பொய்யிங்க. கார்டு எம் பேர்ல இருக்குது. தப்பு என்னுதுதானுங்க.”

அம்மா ஒருவரிடம் தலைகுனிந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா படுத்த வருடத்தில்கூட இல்லை.

அப்படியானால் உண்மையான வருமானம் என்ன என்று டைக்காரர் கேட்டார். சுகன்யா ஜாக்கெட் நோட்டைக் கொண்டுவந்து, பின்பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். இருவரும் குனிந்து ஒரே பக்கத்தைப் படித்தார்கள். கீழே ஒரே ஒரு தொகை, இரண்டு கோடு போட்டு. அது ரோஸ் கார்டுக்கு அதிகம் என்றார் ஒருவர். காருக்கு மிகக் குறைவு என்றார் மற்றவர். அந்த ஹாலில் இருவரும் முழுமனதோடு நம்பிய ஒரே எழுத்து சுகன்யாவுடையதுதான். டைக்காரர் மோர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். சப்ளை ஆபீஸ்காரர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நாளைக்கே ஆபீஸுக்கு வந்து தாமாகவே கார்டை ஒப்படைக்கும்படி அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போனோம். இத்தனை வருடம் வாங்கிய அரிசிக்குச் சந்தை விலை கட்டினேன். கார்டு வெள்ளையானது, அதாவது ஏழைச் சலுகை இல்லாத கார்டு. பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது அம்மா ஸ்கூட்டர் பின்சீட்டில் வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், இப்பத்தான் தலை நிமிர்ந்து நடக்க முடியுது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வாக்கியத்துக்கு நான் கட்டியது குறைவுதான்.

ஆனால் அதோடு விட்டாரா என்றால், இல்லை. இன்றைக்கும் கேட்டில் யாராவது வந்து நின்றால், அது கொரியர்காரராக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையோடு வந்த சொந்தக்காரராக இருந்தாலும் சரி, அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, வந்தவர் காதில் நன்றாக விழும்படி கேட்பார்:

“வந்திருக்கறது யாருன்னு பாத்துச் சொல்லு கண்ணு. நாம இன்னைக்கு இருக்கப்பட்டவியளா, இல்லாதவியளா?”