ராகு காலத்தில் வெட்டிய ரிப்பன்

கடைத்தெருவில் வியாபாரம் பார்க்கும் பெண்கள் காலையில் கிளம்பும்போது இரண்டைப் பூட்டுவார்கள். ஒன்று வீடு, இன்னொன்று வாய். பேச்சைச் சொல்லவில்லை (அதைப் பூட்ட யாராலும் முடியாது). தண்ணீரைச் சொல்கிறேன். தென்காசியில் வளையல் கடை போட்ட நாளிலிருந்து மதியம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. குடித்துவிட்டு எங்கே போவது? ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர். எனக்கு மேலகரத்தில் இருக்கும் என் வீடுதான்.

நானும் பக்கத்து ரெடிமேட் கடை மைமூனும் மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்புத் தேய்ந்த பிறகு, அழுகிய முட்டைக்கோஸ் கொட்டிக்கிடந்த இடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறை கட்டினார்கள். கூடவே பால் கொடுக்க ஓர் அறை, குடிதண்ணீர்க் குழாய், உட்கார சிமென்ட் பெஞ்சுகள், சுற்றிலும் கூண்டு வைத்த புங்கங்கன்றுகள். சொந்த வீடு கட்டியபோதுகூட நான் இத்தனை முறை போய்ப் பார்த்ததில்லை.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. சாரல் நேரம். திருநெல்வேலியிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து திறப்பதாக ஏற்பாடு. வரவேற்புரை நான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஒன்பதரைக்குத் திறந்துவிடப் போகிறார்களே, இனி என்ன பயம் என்று வீட்டிலேயே இரண்டு டம்ளர் சுக்குக் காப்பி குடித்தேன். தொண்டை வறளாமல் இருக்கத் தண்ணீர். பந்தலுக்குப் போனதும் பன்னீர் சோடா. போதாக்குறைக்கு மைமூன் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

"குடிட்டி. இன்னைக்கு என்ன பயம்? நம்ம சொந்தக் கக்கூஸு" என்றாள்.

குடித்தேன். பெருமையாகக் குடித்தேன்.

பத்து மணி ஆகியும் அதிகாரி வரவில்லை. குற்றாலத்துக்குப் போகும் கூட்டத்தில் கார் பாவூர்சத்திரம் பக்கம் மாட்டிக்கொண்டதாம். எனக்கு அடிவயிற்றில் லேசாக ஒரு மணி அடித்தது. பத்தரைக்கு வியாபாரிகள் சங்கத் தலைவர், பாத்திரக்கடை அண்ணாச்சி, கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் பொறந்துட்டு. இனி அவங்க வந்தாலும் பன்னெண்டுக்கு மேலதான் திறக்கணும்."

"கக்கூஸுக்கு என்ன அண்ணாச்சி ராகு காலம்?"

"கட்டிடம்னா கட்டிடம்தான் தாயி. நாளைக்குக் குழாய் அடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்லுதது?"

மேலகரம் வீடு வரை ஓடிவிட்டு வரலாமா என்று கேட்டேன். "இந்தா வந்துட்டாங்க, வரவேற்புரைக்கு நீ இல்லாம யாரு?" என்று தடுத்துவிட்டார். கதவில் பூட்டுகூட இல்லை. எனக்கும் சொர்க்கத்துக்கும் நடுவே ஒரு சிவப்பு ரிப்பன்தான். மேலே சாரல். எதிரே, தண்ணீர் நன்றாக வருகிறது என்று காட்டுவதற்காக யாரோ திறந்துவிட்ட குழாய். இதில் செங்கோட்டைப் பக்கமிருந்து செண்டை மேளம் வேறு பிடித்திருந்தார்கள். அடித்த அடியெல்லாம் என் அடிவயிற்றில் விழுந்தது. பண்பொழி முருகனுக்கு மலையேறி வருவதாக வேண்டிக்கொண்டேன் (இப்போது ஏறும் நிலையில் இல்லை, பிறகு வருகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்).

சுற்றிப் பார்த்தால் காய்கறிக்காரிகள், துணிக்கடைப் பெண்கள் எல்லாரும் என்னைப் போலவே காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள். புது பெஞ்சில் ஒருத்திகூட உட்காரவில்லை. அத்தனை பேரும் என்னை மாதிரியே நம்பிக் குடித்தவர்கள்.

பதினொன்று தாண்டி கார் வந்தது. அண்ணாச்சி அந்த அம்மாவுக்கு மாலை போட்டு, "பன்னெண்டு வரைக்கும் பேச்ச வச்சிக்கிடுவோம் மேடம்" என்று நாற்காலியில் உட்கார வைத்தார். என்னை மைக்குக்கு அனுப்பினார்.

"அனைவரையும் வருக வருக என..." என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வருக வரவில்லை. வேறு ஏதோ வரும்போல் இருந்தது.

மைக்கை விட்டேன். மைமூன் ஏந்திக்கொண்டிருந்த தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன், ரிப்பனை வெட்டினேன், உள்ளே ஓடி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். விழா முடிந்துவிட்டது என்று நினைத்த செண்டைக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். அந்தச் சத்தத்துக்காக அவர்களுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பாடா என்று இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உறைத்தது, இனி எந்த முகத்தோடு வெளியே போவது? அத்தனை நாள் அலைந்து வாங்கிய கழிப்பறையின் விழாவை நானே கெடுத்துவிட்டேன். அதிகாரி கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அண்ணாச்சி சாஸ்திரம் கெட்டது என்று பூட்டுப் போட்டுவிட்டால், இவ்வளவு பெண்களின் வயிற்றெரிச்சல் என் தலையில். ராத்திரி வரை உள்ளேயே இருந்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

கதவைத் தட்டினார்கள். "அம்மா, கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

கேட்ட குரலாக இல்லை. திறந்தேன். அந்த அதிகாரியேதான், கழற்றிய மாலை கையில். "காலையில கார்ல ஏறினது, எங்கேயும் இறங்க முடியல" என்று மாலையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் மேடை வரைக்கும் பெண்களின் வரிசை. அண்ணாச்சி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னும் நேரம் இருக்கே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மைக்கைப் பிடித்து இரண்டே வாக்கியம் பேசினார். "ரொம்ப சுத்தமா இருக்கு. ராகு காலம், எமகண்டம்னு சொல்லி ஒரு நாளும் இதைப் பூட்டாதீங்க." அப்போதுதான் எனக்கு முழு நிம்மதி வந்தது. பன்னிரண்டு மணிக்கு, அண்ணாச்சியின் திருப்திக்காக, ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் தெருவில் எந்தக் கடைக் கல்லாவைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மானம் போனது போனதுதான், அதை நான் மறுக்கவில்லை.

போன மாதம் என் மருமகன் செங்கோட்டையில் கடை திறந்தார். மரியாதையான பிள்ளை, என் முன்னால் உரக்கக்கூடப் பேச மாட்டார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் நிற்க, குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் மெல்ல என் பக்கம் வந்து கேட்டார்.

"ரிப்பன் வெட்ட இன்னும் பத்து நிமிசம் ஆகும் அத்தே. நீங்க போயிட்டு வந்துட்டீங்களா?"