மீன் விட்ட வருஷத்துக் காலண்டர்

சிவகாசி,
தை மாதம் 9-ஆம் நாள்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராஜபாண்டியன் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை சங்கரபாண்டியன் எழுதிக்கொண்டது. இருக்கன்குடி மாரியம்மன் அருளால் மதுரையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் உங்கள் தங்கை பத்திரகாளியும் சுகம். மாடியில் குடியிருக்கும் சுகிர்தாவும் சுகம். அந்தப் பெண் இவ்வளவு சுகமாக இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இதைப் போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் அவள் கழுத்தில் ஒரு தொலைநோக்கி தொங்குகிறது. கண்ணுக்கு அப்படி ஒன்று வைத்திருப்பவள் காதுக்கு ஒன்று வைத்திருக்க மாட்டாளா? அதனால்தான் கடிதம், அதுவும் கூரியரில்.

உங்கள் வீட்டு மாடியில் ஆறு மாதம் இருந்த தங்கமான பிள்ளை, ஆராய்ச்சிக்காகச் சிவகாசி வருகிறாள், இடம் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னதால் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். வெளிநாட்டுச் செடியும் மீனும் ஓர் இடத்துக்கு வந்து பெருகினால் அங்கே முன்பிருந்தே வாழும் உயிர்கள் என்ன ஆகின்றன என்று பார்க்கிறாளாம். இதைப் பார்க்க ஒருத்தர் சம்பளம் கொடுக்கிறார் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? புரட்டாசியில், சீசன் உச்சத்தில் வந்தாள். வந்த மறுநாளே டேப்பும் நோட்டுமாக ஆனைக்குட்டம் அணைக்கரையில் நடந்திருக்கிறாள். நம் பக்கத்தில் நோட்டோடு நடப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். யாரோ வாட்ஸப்பில் 'ஆபீசர் அம்மா வந்திருக்காக' என்று போட்டுவிட, காலை பதினொரு மணிக்கு மூன்று பட்டாசுக் கம்பெனிகள் சோதனைக்குப் பயந்து வேலையை நிறுத்தி ஆட்களை வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அதில் ஒன்று நம்முடையது. அவள் அளந்தது சீமைக்கருவேல மரத்தை என்று சாயங்காலம்தான் தெரிந்தது. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று தீபாவளிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் மேலே கொடுத்துவிட்டேன். வெடிச் சத்தத்துக்குப் பறவைகள் பயப்படும் என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பட்டாசுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற மனிதரை நம் தொழிலில் யார் நம்புவார்கள்?

அதன் பிறகு மாடியில் பாட்டில் பாட்டிலாக மீன் சேர ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலும் தேதி, இடம், எடை எழுதி ஒட்டியிருக்கிறாள். குற்றவாளிகளுக்குக்கூட இவ்வளவு விவரம் எழுத மாட்டார்கள். உங்கள் தங்கையாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், அவள் தினமும் காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணோடு அணைக்குப் போய் மீன் எண்ணுகிறாள். போன வாரம் சுகிர்தா என் ஆபீசுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. வடகிழக்கு மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் மீன் இல்லையா என்று கேட்டாள். மத்தாப்பு சாம்பிள் வைப்பதற்காக வாங்கிய தொட்டி என்று சொல்லிவிட்டேன். உள்ளே மத்தாப்புப் பெட்டிகளும் அடுக்கித்தான் இருந்தன. ஆனால் தொட்டி விளக்கைப் போட்டதில் பழைய காற்று மோட்டாரும் சேர்ந்து ஓடியிருக்கிறது. அது பாட்டுக்கு மத்தாப்புக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது. அவள் தலையை ஆட்டி, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆர்டர் படுத்துப்போன அந்த வருஷம் ஒரு வாஸ்துக்காரர் வந்து ஆபீசில் மீன் தொட்டி வைக்கச் சொன்னார் அல்லவா? அப்போது கடைக்காரன் கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்பதற்கென்று, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் கறுப்பாக இரண்டு மீன் கொடுத்தான். உடம்பெல்லாம் ஓடும் முள்ளும். ஒரு வருஷத்துக்குள் மற்ற மீன்கள் எல்லாம் செத்து, இந்த இரண்டும் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. வாஸ்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, நம் தோஷத்தை எல்லாம் இவைதான் வாங்கி வைத்திருக்கின்றன, கொல்லக் கூடாது, நம் கையாலேயே பெரிய தண்ணீரில் விட்டால் தோஷமும் கூடவே போய்விடும் என்றார். ஆடி அமாவாசையன்று ஆனைக்குட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். நான் மட்டுமா விட்டேன்? அந்த ஆள் எத்தனை ஆபீசில் தொட்டி வைத்தாரோ அத்தனை ஆபீஸ் மீனும் அன்றைக்கு அங்கேதான் இறங்கியது. கரையில் நின்ற கார்களைப் பார்த்து ஏதோ வளைகாப்பு என்று ஊர்க்காரர்கள் நினைத்திருக்கிறார்கள்.

விட்டதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வருஷத்துக் கம்பெனி காலண்டரில் மேலே இருக்கன்குடி அம்மன் படம், கீழே நான் மீன் விடுகிற போட்டோ, அதற்கும் கீழே 'வாயில்லா ஜீவன்களுக்கு வாழ்வளிப்போம்' என்று அடித்து ஊரெல்லாம் கொடுத்தேன். வருஷம் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் ஒருத்தரும் கழற்றவில்லை. அம்மன் படத்தை யார் குப்பையில் போடுவார்கள்? இப்போது போகிற வீட்டிலெல்லாம் நான் மீனோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் செல்லச்சாமி விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நம் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறவன், பதினைந்து வருஷமாக இருக்கிறான், உங்களுக்கும் தெரியும். தீபாவளிக்குப் பின் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் அணையில் வலை போட்டுத்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. முன்பெல்லாம் கெண்டையும் விராலும் அயிரையுமாகக் கூடை நிறையக் கொண்டுவருவான். இப்போது வலையில் விழுவதெல்லாம் அந்த முள் மீன்தானாம். அதை யாரும் வாங்குவதில்லை, தின்பதும் இல்லை. மூன்று வலை கிழிந்துவிட்டது. போன திங்கள்கிழமை, அதைப் பிய்த்து எடுக்கும்போது முள் ஏறி வலது கை பழுத்துப்போய், கட்டுப் போட்டுக்கொண்டு சுகிர்தாவைப் பார்க்க வந்தான். இந்த மீனைத் தின்கிற உயிர் எதுவும் இங்கே இல்லை, பாசியையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்று கரையையும் குடைகிறது என்று அவள் விளக்கினாள். எப்படி வந்தது என்பதற்கு ஒரே ஓர் ஆதாரம் கிடைத்தால் போதும், இதைப் பிடித்து ஒழிக்கவும் இவர்களுக்கு வலை வாங்கவும் மனுப் போடலாம் என்றாள். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தை மூன்று தரம் படித்தேன்.

ஆனாலும் மச்சான், தொழில் என்று ஒன்று இருக்கிறது. பேர் வெளியே வந்தால் லைசென்ஸ் வரைக்கும் போகும். ஆகவே இரண்டு காரியம். ஒன்று, அந்தப் பெண் உண்மையிலேயே யார், எந்த ஆபீசிலிருந்து அனுப்பப்பட்டவள் என்று காதும் காதும் வைத்த மாதிரி விசாரிக்கவும். இரண்டு, உங்கள் ஹாலில் பிரிட்ஜுக்கு மேலே தொங்கும் அந்தக் காலண்டரை இறக்கி, அம்மன் படத்தை மட்டும் கத்தரித்துப் பூஜையறையில் வைத்துவிட்டு, கீழ்ப் பாதியை எனக்கு அனுப்பவும். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இப்படியே எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள். படித்ததும் கிழித்துவிடவும்.

தங்கள் பணிவுள்ள,
சங்கரபாண்டியன்.

பின்குறிப்பு: கிழிக்க வேண்டாம். விசாரிக்கவும் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிய நேரத்தில் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். படித்ததும் மாடியைப் பார்த்து சுகிர்தாவைக் கூப்பிட்டாள். அவள் வந்து தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். உங்கள் ஹால், உங்கள் பிரிட்ஜ், அதற்கு மேலே நான். அதைப் பார்த்துத்தான் இந்த ஊருக்கே வந்தாளாம். முதல் நாளே தெரிந்திருந்தும் ஏனம்மா கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொன்னாத்தான் அங்கிள் மத்தவங்களும் சொல்லுவாங்க" என்றாள்.

செல்லச்சாமி வீட்டுக்கு நானே நடந்து போனேன். அந்த மீனை விட்டது நான்தான் என்று சொன்னேன். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"தெரியும் மொதலாளி. அன்னைக்கு வாளியத் தூக்கிட்டு வந்தது நாந்தான. நீங்க சொல்லாம நான் எப்படிச் சொல்ல?"

வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்துப் பார்த்தேன். போட்டோ ஓரத்தில் வாளியைப் பிடித்தபடி ஒரு வலது கை இருக்கிறது, மணிக்கட்டு வரைக்கும். முகத்தை வெட்டிவிடச் சொல்லி அச்சகத்தில் சொன்னது நான்தான்.

ஆகவே மச்சான், காலண்டரை வெட்ட வேண்டாம். மனுவோடு வைக்க சுகிர்தாவுக்கு இரண்டு பிரதி வேண்டுமாம். அம்மன், மீன், அந்தக் கை எல்லாம் இருக்கிறபடி உங்களுடையதை முழுசாக அனுப்பவும். மனுவில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குக் கீழே செல்லச்சாமி போட வேண்டும். கை வீக்கம் வற்ற இன்னும் நான்கு நாள் ஆகுமாம், காத்திருக்கிறோம்.