கோரத்துக்குக் குறைந்த ஒரு ஆள்

மதிப்பிற்குரிய அத்தான் சுடலைக்கண்ணன் அவர்களுக்கு,

தாராவியிலிருந்து மைத்துனன் வெயிலுமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி பேராச்சியும் சுகம். கல்யாணில் அக்காவின் முழங்கால் தேவலையா? உங்கள் லேத் பட்டறை எப்படி ஓடுகிறது? சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் தீராது.

என் லேத் பட்டறை அப்ரண்டிஸ் இசக்கிசெல்வியை உங்களுக்குத் தெரியும். நடுவில் கால் முறிந்து மூன்று மாதம் படுத்ததால், அவள் பரீட்சை எழுத மாநில அப்ரண்டிஸ் கவுன்சிலின் தனி அனுமதி வேண்டுமாம். எட்டு மாதமாக வரவில்லை. டிராம்பேயில் கிடைத்த வேலை கைநழுவப் பார்க்கிறது. சண்டை போடவே நேற்று கவுன்சில் ஆபீசுக்குப் போனேன். அங்கே மாட்டுங்கா திருவேங்கடம் என்றொரு குமாஸ்தா, "கூட்டமே நடக்கலை சார். கோரம்தான் காரணம்" என்றார். ஏதோ கோர விபத்து என்று நினைத்துவிட்டேன். "யாருக்கு என்ன ஆச்சுய்யா?" என்றேன். அது அந்தக் கோரம் இல்லையாம். அரசாங்கம், முதலாளி, தொழிலாளி என்று இருபது உறுப்பினராம், அதில் பத்து இடம் காலியாம். பத்துப் பேராவது வந்தால்தான் முடிவு செல்லுமாம், அதற்குப் பேர்தான் கோரமாம். எப்போதும் ஒன்பதோடு நிற்கிறதாம். "வராத அந்த மனசாட்சி இல்லாத பய யாருவே?" என்று கத்தினேன். அவர் ஃபைலைப் புரட்டி, "சின்னப் பட்டறைகள் பிரதிநிதி, தாராவி. யாரோ வெயிலுமுத்துன்னு போட்டிருக்கு" என்றார்.

அத்தான், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் பட்டறைக்காரர் சங்கக் கூட்டத்தில் ஃபேன் போடச் சொல்லிக் கை தூக்கினேன், அதைப் பிரதிநிதியாக இருக்கச் சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நோட்டீசும் வந்திருக்கிறது. மராத்தியில் வந்த அந்தக் கெட்டிக் காகிதத்தையெல்லாம் பட்டறையின் உடைந்த ஜன்னலில் ஒட்டினது நான்தான். திருவேங்கடம், "இன்னிக்கும் ஒன்பது பேர் உள்ளே காத்திண்டிருக்கா, வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார். கிரீஸ் சட்டையோடு நுழைந்தவனைப் பார்த்து ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். நாலே நிமிஷத்தில் அனுமதி பாஸ். பத்தாவது கையெழுத்து என்னுடையது.

ஓடிவந்து செல்வியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். "அப்போ எட்டு மாசமா என்னையத் தடுத்து வச்சது நீங்கதானா அண்ணாச்சி?" என்றாள்.

எப்படியோ அவள் காரியம் முடிந்தது. அக்காவுக்கு என் நமஸ்காரம். சாஸ்தா உங்கள் இருவருக்கும் தெம்பைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வெயிலுமுத்து

பி.கு.: திருவேங்கடம் இப்போதுதான் போன் செய்தார். சொந்தப் பட்டறை ஆளுக்கு உறுப்பினரே கையெழுத்துப் போட்டால் செல்லாதாம், தீர்மானம் ரத்து. வியாழக்கிழமை மறுபடி கூட்டம், அன்றைக்காவது என் கையெழுத்து செல்ல வேண்டும். ஆகவே இன்றிலிருந்து இசக்கிசெல்வி உங்கள் பட்டறை அப்ரண்டிஸ். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். படித்து முடித்ததும் உள்ளே கூப்பிடவும்.