மெஷினுக்குக் கொடுத்த மாதிரி

"மாதிரிக்கு நீங்கள் செய்த துருவலைத் தலை ஒண்டு தாங்கோ அக்கா. மெஷின் அதை அளவெடுத்து அப்பிடியே வெட்டும்" என்றார் இரவிச்சந்திரன்.

பாலாம்பிகை கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. லாசாலில் முதலாளி இரவிச்சந்திரனின் பட்டறையில் பதினெட்டு வருடமாக, தேங்காய் துருவும் துருவலையின் இரும்புத் தலைக்குப் பல் ராவுகிறவர். மொன்றியலில் நன்றாகத் துருவுகிற துருவலை எல்லாம் தன் கை பட்டது என்பார். மற்றவற்றைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

"பேந்து எனக்கு என்ன வேலை, தம்பி?"

"பெட்டியில அடுக்கிற வேலை இருக்குத்தானே."

பாலாம்பிகையாவது, பெட்டி அடுக்குவதாவது. மாதிரிதானே கேட்டார், கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ராவிப் பழகிய தலை ஒன்று, ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு திசையைப் பார்த்தபடி, மேசை லாச்சியின் அடியில் கிடந்தது. அதைத்தான்.

மெஷின் விசுவாசமானது. மத்தியானத்துக்குள் நாற்பது தலைகளை அதே கோணலோடு வெட்டித் தள்ளியது.

முதலாளி தலையில் கை வைப்பார் என்று பாலாம்பிகை காத்திருந்தார். அவரோ ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "என்ன வடிவு" என்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் வீட்டுக்குத் தேங்காய்ப்பூ உறைய வைத்த பாக்கெட்டில்தான் வரும்.

"பல்லை ஒருக்கா வடிவாப் பாருங்கோ தம்பி."

"பார்த்தனான். நாற்பதும் ஒரே மாதிரி இருக்கு."

அதுவும் உண்மைதான்.

சரி, விஷயம் தெரிந்தவர் சொல்லட்டும் என்று பாலாம்பிகை அடுத்த அடி வைத்தார். புரோசார்ட்டில் கல்யாணச் சமையல் செய்யும் அனுசூயா, சென்னைக்காரர். கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைக்காரரை அழ வைத்து வாங்குகிறவர்.

"அவவுக்கு என்ர ஒண்டு, மெஷின்ர ஒண்டு அனுப்புவம். அவ சொல்லுறதுதான் முடிவு. சம்மதமோ?"

"ஓம் அக்கா. எது எதெண்டு எழுதி ஒட்டுவம்."

"ஒட்டக் கூடாது. பேந்து எனக்காகச் சொன்னவ எண்டு நீங்களே கதைப்பியள். ஒண்டு கை, மற்றது மெஷின். அதை மட்டும் சொல்லுங்கோ."

நேர்மையைப் பற்றி யார் பேசுகிறார் பாருங்கள்.

இரண்டு நாள் பாலாம்பிகை ஒரே ஒரு தலையோடு இருந்தார். பூதக்கண்ணாடி வைத்து ராவினார். எல்லாப் பல்லும் ஒரே உயரம், ஒரே கூர். அதுவும் போதாதென்று, அரம் பட்ட தடமே தெரியாதபடி தேய்த்து மினுக்கினார். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒன்றை அவர் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை அனுசூயாவின் போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். பாலாம்பிகை பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ரெண்டுலயும் பத்துப் பத்துத் தேங்கா துருவிப் பாத்தேன் சார். ஒண்ணு பூ மாதிரி உதிருது. இன்னொண்ணு கொட்டாங்குச்சியையும் சேத்துப் பிராண்டுது."

பாலாம்பிகை முதலாளியைப் பார்த்த பார்வையில் மெஷின் பாதி துருப்பிடித்துவிட்டது.

"நல்லது எதெண்டு தம்பிக்குக் கேக்கச் சொல்லுங்கோ, பிள்ளை."

"பாத்தாலே தெரியுதேம்மா, பல்லெல்லாம் அச்செடுத்த மாதிரி, மெஷின்னா மெஷின்தான், அதுலயே நூறு அனுப்புங்க, அந்தக் கையால செஞ்சவங்களுக்குப் பாவம், கண்ணு போயிடுச்சு போல, வேற ஏதாவது வேலை குடுங்க சார்."