சதுரடி சார் மேல் ஒரு புகார்

ஒரு கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதன் பரப்பளவைச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. தரமணி ஆபீஸில் அவர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதுரடி சார்.

சொத்து வரியை எப்படிச் சீர்திருத்துவது, உள்ளாட்சிகளுக்கு மாநில அரசின் மானியத்தை எப்படிப் பங்கிடுவது என்று ஆராய்வது எங்கள் வேலை. நாங்களெல்லாம் கம்ப்யூட்டரில் ஆராய்ந்தோம். அவர் காலால் ஆராய்ந்தார். தி.நகருக்கு வேட்டி வாங்கப் போனால், கடையின் பின்சுவர் வரை அடிமேல் அடி வைத்து நடந்துவிட்டு வேட்டியில்லாமல் திரும்புவார்.

"மேல தகர ஷெட் போட்டு குடோன் வெச்சிருக்கான் ஓய்! ரெஜிஸ்டர்ல மொட்டை மாடின்னு இருக்கும், பாரும்."

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். மொட்டை மாடி என்றுதான் இருந்தது!

ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் இவர் சாப்பாட்டுக் கூடத்தின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். மணப்பெண் இவருடைய சொந்தத் தம்பி மகள்.

எங்கள் அறிக்கையின் உயிர்நாடி அவர் எழுதிய பரிந்துரை: வீடுகளை ஒழுங்காக அளந்து வரி போடும் சின்ன ஊர்களுக்கு, வசூல் குறைந்தாலும் மானியத்தைக் கூட்ட வேண்டும். அவர் கையெழுத்து இருந்தால்தான் அரசுக் குழு அதை வாங்கும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை மயிலாப்பூரில் அவர் வீட்டு மாடியறையில் கடைசித் திருத்தம் பார்த்தோம். நடுவில், விளையாட்டாக, அவர் வீட்டு வரி நோட்டீஸைப் புரட்டினேன். பரப்பளவு உதைத்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த அறையே அதில் இல்லை. மகள் படிப்பதற்காக என்றைக்கோ கட்டியது. ஊரையெல்லாம் அளந்தவர் இதைச் சொல்ல மறந்திருக்கிறார்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. காபியோடு வந்த மாமிதான் சிரித்தாள். "ஊரெல்லாம் அளந்தேளே, நம்மாத்தை அளந்தேளா?"

"கையெழுத்துப் போட மாட்டேன் ஓய். என் வரியைச் சரிபண்ணாம எந்த மூஞ்சியோட போடறது?" என்றார் சார்.

மறுநாள் காலை வரி அலுவலகத்தில் நின்றோம்.

"கொறைக்கச் சொல்ற மனுவா? அந்தாண்ட குடு சார்" என்றார் கவுன்ட்டர் அம்மா.

"குறைக்க இல்லம்மா, ஏத்தணும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, பெரியவருக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

அளக்க ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். யாராவது புகார் கொடுத்தால் மட்டும் உடனே வருவார்களாம். சதுரடி சாரின் முகம் மலர்ந்தது. என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

"எம்மேல புகார் எழுதும்."

'அறியாமல் விடுபட்டது' என்று எழுதினேன்.

"அதை அடிச்சுடும் ஓய்! மத்தவா தெரியாம விடலாம். நான் தெரிஞ்சிருக்க வேண்டியவன். 'பொறுப்பில்லாமல் மறைத்தார்'னு போடும்."

அடித்தேன். போட்டேன்.

வெள்ளி காலை இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்தார். மறுமுனையைப் பிடித்தவர் சதுரடி சார். சுவரோரம் அரை அங்குலம் விட்டுப்போனதற்கு இன்ஸ்பெக்டருக்கு நல்ல டோஸ் கிடைத்தது. வரி ஏறியது. மாலைக்குள் அறிக்கையில் கையெழுத்தும் விழுந்தது, சின்ன ஊர்களின் பரிந்துரை நேரத்தோடு குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

எத்தனையோ பேரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஆனால் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே எழுதியது அந்தப் புகார் ஒன்றைத்தான்.