சீமை முள்ளும் முள்ளு டீச்சரும்

முள் குத்தினால் சந்தோஷப்படுகிற ஒரே மனுஷியை நான் சூரியநெல்லிப் பக்கம்தான் பார்த்தேன். எழுபதுகளில் அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். அவர் எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, மலை முழுக்க அவருக்கு ஒரே பெயர்: முள்ளு டீச்சர்.

முட்செடியைக் கண்டுவிட்டால் பள்ளிக்கூட மணிகூட அவர் காதில் விழாது. புதுப்புடவை சீக்கிரமே மீன்வலையாகிவிடும். யாருக்காவது முள் தைத்துவிட்டால் முதல் ஆளாக ஓடி வருவார். ஆறுதல் சொல்ல அல்ல, "கொக்கி முள்ளா, நேர் முள்ளா?" என்று கேட்க.

ஒருநாள் சாரலில் எங்கள் கங்காணி ஓடைக்கரையில் சறுக்கி, ஒரு புதருக்குள் போய் விழுந்தார். கை கொடுக்கப் போன எங்களை டீச்சர் தடுத்தார்.

"கங்காணியண்ணே, அசையாதீக! இது நம்மூரு முள்ளு மாதிரி இல்லியே!"

"எந்த ஊரு முள்ளா இருந்தா என்ன தாயி, குத்துறது என்னையத்தானே!" என்று அலறினார் கங்காணி.

அவரைத் தூக்கி நிறுத்திய பிறகும் டீச்சர் புதரை விடவில்லை. கறுத்த பழம் ஒன்றைப் பறித்துக் காட்டினார். "நம்ம காட்டு முள்ளுப்பழத்தைப் பறிச்சா, நடுத்தண்டு செடியிலயே நின்னுக்கிடும். பழம் மட்டும் குல்லா மாதிரி கழண்டு வரும். இது தண்டோட வருது பாருங்க. வெளியூருச் சரக்கு!"

நாங்கள் சிரித்தோம். சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை.

கொழுந்து பறிக்கும் முத்துலட்சுமி, கேட்க நாதியில்லாதவள். அந்தப் பழத்தைப் பறித்து வந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள். குழந்தை வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டது. டிஸ்பென்சரி மருந்தில் அது தேறியது. லயத்தின் கோபம் தேறவில்லை. "விஷப்பழம் குடுத்தவ இந்த லயத்துல இருக்கக் கூடாது" என்று எல்லோரும் மேனேஜரிடம் போக நின்றார்கள். முத்துலட்சுமி அழுதுகொண்டே பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள்.

விஷயம் கேட்ட டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு ஓடையோடு மேலே நடந்தார். வழி நெடுக அதே புதர். கடைசியில் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவின் பின்கட்டில், சுவர்போலத் தாய்ப்புதர். பங்களாவின் வயதான சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"துரைசாணி ஜாம் காய்ச்சக் கப்பல்ல வரவழைச்சு வச்சதும்மா. அவுக போயிட்டாக. இது போகலை."

குருவிகள் தின்று ஓடை நெடுக விதைத்திருக்கின்றன. மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் மஸ்டர் களத்துக்கே அந்தச் சமையல்காரரைக் கூட்டி வந்துவிட்டார் டீச்சர். துரைசாணி தின்ற பழம்தான் என்ற அவர் சாட்சி எடுபடவில்லை. "துரைசாணி வயிறு வேற, எங்க வயிறு வேற!" என்றது கூட்டம்.

டீச்சர், தான் பறித்து வந்திருந்த நன்றாகக் கறுத்த பழங்களைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

யாரும் வேலைக்குப் போகவில்லை. மேனேஜர் கத்தியும் அசையவில்லை. அத்தனை கண்களும் டீச்சரின் வயிற்றின் மேல்தான். பொறுக்க முடியாமல் கங்காணி குனிந்து கேட்டார்: "டீச்சரம்மா, ஏதாச்சும் பண்ணுதா?"

"பண்ணுது."

கங்காணி இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னொரு கை தின்னணும்போல பண்ணுது."

களமே சிரித்தது. அப்போதுதான் குழந்தையின் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள், குழந்தை தானே ஓடைக்குப் போய்ப் பச்சைக்காயையும் மடி நிறையப் பறித்துத் தின்றதை. "காயை அம்புட்டுத் தின்னா எந்த வயிறு தாயி தாங்கும்?" என்றார் டீச்சர். அந்த அம்மா நேரே, களத்தின் ஓரத்தில் நின்ற முத்துலட்சுமியிடம் போய்க் கையைப் பிடித்தாள். "வாக்கா, கொழுந்துக்குப் போலாம்."

அதன் பிறகு எங்கள் எஸ்டேட்டுக்கு யார் வந்தாலும், மலையையும் ஃபாக்டரியையும் காட்டுவதற்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாங்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்க டீச்சரைப் பார்த்தீகளா?"